ஒரே புதரில் மூன்று மூக்கு

ஆகஸ்டு பாதி கடந்ததும் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்தில் சனிக்கிழமைக் காலைகளில் ஒரு கூட்டம் கிளம்பும். கார் டிக்கியில் காலி ஐஸ்கிரீம் வாளிகள், பின்சீட்டில் ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டியபடி நாய். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் "சும்மா, மலைப்பக்கம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மீன் விழும் மடுவை எந்த மீன்காரர் ஊரைக் கூட்டிச் சொல்வார்? நல்ல புளூபெர்ரிச் சரிவும் அப்படித்தான். பெற்றோர் பிள்ளைக்குச் சொல்வதோடு சரி.

ஆனால் அந்தச் சரிவின் விலாசம் இன்னொருவருக்கும் தெரியும். அலாஸ்காவில் சுமார் 30,000 பழுப்புக் கரடிகளும் ஏறத்தாழ 1,00,000 கருங்கரடிகளும் இருப்பதாக அந்த மாநில வனவிலங்குத் துறை மதிப்பிடுகிறது. பெர்ரி பழுக்கும் காலமும் கரடிகள் வெறித்தனமாகத் தின்னும் காலமும் ஒன்றே. குளிர்காலம் முழுக்க குகையில் உண்ணாமல் கிடக்க வேண்டுமே! அதற்கான கொழுப்பைச் சேர்க்கும் அவசரத்தில் ஒரு கரடி நாளுக்கு 20 மணி நேரம்வரை தின்னும். உள்ளே போகும் கலோரி 20,000ஐத் தொடலாம். மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதைப் போல எட்டுப் பத்து மடங்கு. கனடாவின் பான்ஃப் பகுதியில் எருமைபெர்ரி பழுக்கும்போது கிரிஸ்லி எனப்படும் பழுப்புக் கரடி ஒன்று ஒரே நாளில் 2,00,000 பழங்கள்வரை விழுங்கும் என்பது அங்குள்ள பூங்காக் காவலர்கள் சொல்லும் கணக்கு.

கரடி என்றால் மீன், ஆறு என்று படம் பார்த்துப் பழகியவர்கள் அலாஸ்காவின் கோடியாக் தீவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2014ல் கோடை வழக்கத்தைவிட வெப்பமாக இருந்தது. சிவப்பு எல்டர்பெர்ரி முன்கூட்டியே, சால்மன் மீன்கள் ஓடையில் ஏறும் அதே வாரங்களில் பழுத்துவிட்டது. ஓடை நிறைய மீன் துள்ளிக்கொண்டிருக்க, கரடிகள் அதை விட்டுவிட்டுப் பழம் தின்ன மலையேறிப் போய்விட்டன. ஆய்வாளர்களே திகைத்தார்கள். "இங்கே ஓடை இல்லை, அதனால் கரடி வராது" என்று நினைத்து வாளியோடு இறங்குவோருக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

பெர்ரி பறிப்பதை மலையேற்றத்திலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். பாதையில் நடப்பவர் தலை நிமிர்ந்திருக்கும். காலடி ஓசை கேட்கும். ஒரே இடத்தில் நிற்க மாட்டார். பறிப்பவர் இதற்கு நேர் எதிர். முதுகு வளைந்து, கண் இலைக்கடியில் புதைந்து, சத்தமில்லாமல் ஒரே புதரில் அரை மணி நேரம் கிடப்பார். பத்தடி தள்ளி இருக்கும் கரடியும் அதே கோலத்தில்தான் இருக்கும். உதட்டால் கிளையை உருவி, இலையும் பழமுமாக மென்றுகொண்டிருக்கும் கரடிக்குத் தன் வாய்ச் சத்தமே பெரிதாகக் கேட்கும். குனிந்த தலைகள் இரண்டும் ஒரே நேரத்தில் நிமிரும் அந்த நொடியைத் தவிர்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

இதில் நாய் எங்கே வருகிறது?

கரடியை நாய் விரட்டிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பாதி உண்மை. குரைப்பைக் கேட்டு விலகிப்போகும் கரடிகள் ஏராளம், அவை செய்தியாவதில்லை. மீதிப் பாதிதான் தொல்லை. கட்டில்லாமல் திரியும் நாய் கரடியை முதலில் கண்டுபிடிக்கிறது. குரைக்கிறது, காலைக் கடிக்கப் பாய்கிறது. கரடி எரிச்சலில் திரும்பி ஓர் அடி எடுத்து வைத்ததும் வீரம் கரைந்து, நாய் தனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பான இடத்துக்கு ஓடிவருகிறது. அந்த இடம் அதன் எஜமானரின் கால்களுக்கு நடுவில். பின்னாலேயே கரடி.

கரடித் தாக்குதல்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் கனடாவின் ஸ்டீபன் ஹெரேரோ. அவரும் ஹாங்க் ஹிரிஸ்டியென்கோவும் 2010 முதலான சில ஆண்டுகளில் வட அமெரிக்காவில் மனிதர்மீது நடந்த 92 கருங்கரடித் தாக்குதல்களை எடுத்துப் பார்த்தார்கள். 53 சதவீத நிகழ்வுகளில் அருகில் நாய் இருந்தது. பெரும்பாலும் கட்டில்லாத நாய். நாய்தான் காரணம் என்று இந்த எண் நிரூபித்துவிடாது. ஆனால் நாய் இருப்பதாலேயே ஆபத்து இல்லை என்று யாரும் இனி சொல்ல முடியாது.

ஆக, முதல் விதி கயிறு. ஆறடிக் கயிறு, இழுக்க இழுக்க நீளும் சுருள் வகை வேண்டாம். அந்தச் சுருள் கயிறு அடர்ந்த வில்லோப் புதரில் சிக்கிக்கொண்டு கழற்ற வராது. பழம் பறிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் இடுப்பு பெல்ட்டில் கோர்க்கும் கயிறே வசதி. ஆனால் அந்தக் கோர்வை ஒரே இழுப்பில் விடுபடுவதாக இருக்க வேண்டும். 30 கிலோ நாய் சரிவில் கீழ்நோக்கிப் பாய்ந்தால் பறிப்பவர் தலைகுப்புற விழுவார். கரடி இல்லாமலேயே எலும்பு முறியும். நாயைத் தூரத்தில் ஒரு மரத்தில் கட்டிவிட்டுப் போவது சிலருடைய வழக்கம். அது மிகத் தவறு. ஓடவும் முடியாமல் எஜமானரின் துணையும் இல்லாமல் நிற்கும் நாய், இரையைக் கம்பத்தில் கட்டிவைத்ததற்குச் சமம்.

கயிற்றில் இருக்கும் நாய் உண்மையிலேயே உதவும். அதன் மூக்கு எந்த மனிதக் கண்ணையும்விட முன்னே போகும். ஆனால் அந்த மூக்கைப் பயன்படுத்தக் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும்.

காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வீசினால் மனித வாடையும் நாய் வாடையும் முன்னே போய்க் கரடிக்குச் சேதி சொல்லிவிடும். பெரும்பாலான கரடிகள் முகம் காட்டாமலே நகர்ந்துவிடும். நாய்க்கு மட்டும் முன்னால் இருப்பது எதுவும் தெரியாது. காற்று முகத்தில் அடித்தால் எல்லாம் தலைகீழ். நாய்க்குக் கரடி தெரியும், கரடிக்கு இவர்கள் தெரியாது. எனவே முகத்துக் காற்றில் பறிக்கும்போது நாயின் உடம்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தமும் கூடுதலாக வேண்டும். பத்துப் பழத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து சுற்றும்முற்றும் பார்ப்பதும், பார்வை முதலில் நாயிடம் போவதும் பழக்கமாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அணிலைக் கண்ட நாய் துள்ளும், வால் ஆடும். கரடி வாடை பட்ட நாய் பெரும்பாலும் துள்ளாது. மூக்கு உயரும், உடம்பு விறைக்கும், பிடரி மயிர் சிலிர்க்கும். சில நாய்கள் தொண்டைக்குள்ளேயே உறுமும்; சில எஜமானரின் காலோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். தன் நாயை அறிந்தவருக்கு இந்த வேறுபாடு ஒரே பார்வையில் தெரியும். தெரிந்த பிறகு "இன்னும் கால் வாளிதானே, நிரப்பிவிட்டுப் போகலாம்" என்று நிற்பதுதான் மனித இயல்பு. வாளி அரையாக இருந்தாலும் வந்த வழியே திரும்புவதுதான் சரி.

சத்தம் என்றதும் நாயின் கழுத்தில் கட்ட ஒரு சின்ன மணியை வாங்கி வருகிறார்கள். அதன் ஒலி காற்றிலும் ஓடைச் சத்தத்திலும் கரைந்துவிடும். மனிதக் குரலுக்கு அது ஈடாகாது. கூட வந்தவரோடு பேசலாம், கை தட்டலாம்; இளையராஜா பாட்டைத் தாளம் தப்பிப் பாடினாலும் போதும், கரடி மொழியும் பார்ப்பதில்லை, சுருதியும் பார்ப்பதில்லை.

அடுத்து, கரடியை விரட்டும் ஸ்பிரே. மிளகாயின் காரச் சத்தை 1 முதல் 2 சதவீதம்வரை அடைத்த குப்பி அது. ஏழெட்டு நொடி பீய்ச்சும். 8, 9 மீட்டர் போகும். 2008ல் டாம் ஸ்மித், ஹெரேரோ முதலானோர் வெளியிட்ட ஆய்வு, 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் ஸ்பிரே பயன்பட்ட 83 நிகழ்வுகளை அலசியது. பழுப்புக் கரடிகளிடம் 92 சதவீதமும் கருங்கரடிகளிடம் 90 சதவீதமும் அது வேலை செய்திருந்தது. ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமின்றித் தப்பினார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதைப் பயன்படுத்தியபோதும் காயப்படும் வாய்ப்பு குறையவில்லை என்று அதே ஆய்வாளர்கள் 2012ல் இன்னொரு கட்டுரையில் காட்டினார்கள். புதருக்குள் குனிந்திருப்பவர் துப்பாக்கியை எடுத்துக் குறி பார்ப்பதற்கு எத்தனை நொடி ஆகும் என்று யோசித்தால் இதில் வியப்பில்லை.

பறிப்பவருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பொதுவான மலையேற்ற நூல்கள் இதைச் சொல்வதில்லை. ஸ்பிரே குப்பி இடுப்பு பெல்ட்டில் தொங்கும். அதற்கு மேல் வாளியின் வார். அதற்கும் மேல் நாயின் கயிறு. குனிந்தால் வாளி சரியாகக் குப்பியின் மேல் வந்து உட்காரும். அவசரத்தில் கை தேடினால் கிடைப்பது வாளியின் விளிம்பு. பழம் கொட்டும், குப்பி வராது. எனவே ஸ்பிரேக்கு மார்புப் பட்டை, வாளிக்கு ஒரு பக்க இடுப்பு, நாய்க்கு மறு பக்கம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே குனிந்து, நிமிர்ந்து, ஒரு கையால் கயிற்றைச் சுருட்டி மறு கையால் குப்பியை உருவி, பாதுகாப்புக் கொக்கியைக் கட்டைவிரலால் தள்ளுவதுபோல் நாலு தரம் செய்து பார்க்க வேண்டும். அண்டை வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். இன்னொன்று: ஸ்பிரேயை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியிலும் முடியாது. இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும். கொசு மருந்தைப் போல உடம்பிலோ நாயின் மேலோ கூடாரத்திலோ அடித்துக்கொள்ளும் அப்பாவிகளும் உண்டு. காய்ந்த கார வாடை கரடியை விரட்டாது. அருகே அழைத்துக்கூட வரலாம்.

கரடி பாய்ந்து வரும்போது நாய் குறுக்கே நின்றால்? தயங்காமல் அடிக்க வேண்டும். நாயின் கண் எரியும், இருமும், தரையில் முகத்தைத் தேய்த்து அழும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால், தேய்க்காமல் விட்டால், மெல்லத் தணியும். கரடியின் அடியிலிருந்து அப்படி மீள முடியாது. நாய் கரடியின் பிடியில் சிக்கிவிட்டால் கையை நீட்டி இழுக்கப் போகக் கூடாது. அங்கேயும் ஸ்பிரேதான் ஆயுதம். சொல்வது எளிது. நாயை வளர்த்தவருக்கு அந்த நேரத்தில் கால் நிற்காது என்பது தெரிந்துதான் முன்கூட்டியே எழுத வேண்டியிருக்கிறது.

கரடியை விரட்டவே வளர்த்த நாய்களும் உண்டு. பின்லாந்து, ரஷ்ய எல்லைப் பகுதியின் கரேலியக் கரடி நாய் கறுப்பு வெள்ளை நிறம், சுருண்ட வால். அமெரிக்காவில் கேரி ஹன்ட் என்ற உயிரியலாளர் 1996ல் விண்ட் ரிவர் கரடி நிறுவனத்தைத் தொடங்கி, ஊருக்குள் வரும் கரடிகளுக்கு இந்த நாய்களைக் கொண்டு பாடம் புகட்டினார். வாஷிங்டன் மாநில வனவிலங்குத் துறையும் 2003 முதல் அவற்றைப் பயன்படுத்துகிறது. சுவையான செய்தி என்னவென்றால், மாணவியாக இருந்த காலத்தில் மிளகாய் ஸ்பிரேயைக் கரடிகளிடம் சோதித்துப் பார்த்தவர்களில் இதே கேரி ஹன்டும் ஒருவர். அந்த நாய்கள் பயிற்சி பெற்ற காவலர்களோடு, சொல் கேட்டு வேலை செய்பவை. யூடியூபில் அவற்றைப் பார்த்துவிட்டு, வீட்டு லாப்ரடாரிடம் அதே வேலையை எதிர்பார்ப்பது நாய்க்குச் செய்யும் அநியாயம்.

இடத்துக்கு இடம் சட்டம் மாறும். அலாஸ்காவின் சுகாச் தேசிய வனத்தில் வீட்டுக்குத் தேவையான பெர்ரியைப் பறிக்க அனுமதிச் சீட்டு வேண்டாம். சுகாச் மாநிலப் பூங்காவில் முகாம்களிலும் பாதைத் தொடக்கங்களிலும் கயிறு கட்டாயம். மற்ற இடங்களில் நாய் கட்டுப்பாட்டில் இருந்தாக வேண்டும். டெனாலி தேசியப் பூங்காவில் பெர்ரி பறிக்கலாம், ஆனால் நாயை மரமற்ற டன்ட்ரா வெளிக்குள் கூட்டிப்போக முடியாது. சாலை, வாகன நிறுத்தம் போன்ற சில இடங்களோடு அதன் எல்லை முடிகிறது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் நாய்க்குக் கயிறு கட்டாயம். பெரும்பாலானவற்றில் பழத்தைப் பறிப்பதே குற்றம். அலாஸ்காவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி பூர்வகுடி நிறுவனங்களுக்குக் கிடைத்த நிலம் சுமார் 4.4 கோடி ஏக்கர். அது தனியார் நிலம். அனுமதி கேட்காமல் நுழைவது மரியாதையும் இல்லை, சட்டமும் இல்லை. அந்த மக்களுக்குப் பெர்ரி பொழுதுபோக்கு அல்ல. யூப்பிக் வீடுகளில் கொழுப்பும் பழமும் சேர்த்துப் பிசையும் 'அகுடக்' குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டில் வரும்.

டொராண்டோவிலிருந்து சட்பரிப் பக்கம் புளூபெர்ரிக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு நிம்மதி: அங்கே கருங்கரடி மட்டும்தான். கயிறு விதி மட்டும் அங்கேயும் அப்படியே பொருந்தும். தமிழ்நாட்டுக் காடுகளின் தேன்கரடி வேறு இனம், வேறு சுபாவம்; இந்த அத்தியாயத்தை நம்பி அதனிடம் போக வேண்டாம்.

சரிவில் இறங்கியதும் முதல் ஐந்து நிமிடம் பழத்தைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பது நல்லது. கரடி எச்சத்தை அடையாளம் காண்பது சிரமமில்லை. பெர்ரிக் காலத்தில் அது கவிழ்ந்த ஜாம் பாட்டில் போலக் கருநீலமாகப் பரவிக் கிடக்கும்; உள்ளே முழுப்பழங்களும் இலைத் துணுக்குகளும் அப்படியே தெரியும். மேலே ஈரம் மின்னினால் புதியது. காய்ந்து வெடித்திருந்தால் பழையது. நாய்க்கு அது பலகாரம். முகர்வதோடு நிற்காது, புரளும். புரண்ட நாயோடு காரில் திரும்பும் இரண்டு மணி நேரத்தை யாரும் மறப்பதில்லை. மிதிபட்டுச் சாய்ந்த புதர், இலையோடு உருவிய கிளை, கிளறிய மண் இவையும் அடையாளங்கள். காக்கைக் கூட்டம் ஓரிடத்தில் இறங்கி ஏறினால், அழுகல் வாடை வந்தால், அருகே மண்ணும் புல்லும் போட்டு மூடிய செத்த விலங்கு இருக்கலாம். அதற்கு உரிமையாளர் இருப்பார். உடனே திரும்ப வேண்டும்.

எதிரே வந்தே விட்டால் ஓடக் கூடாது. கரடி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், ஓடுவதைத் துரத்தும். கயிற்றைச் சுருட்டி நாயைப் பின்னால் இழுத்து, தணிந்த குரலில் பேசிக்கொண்டே ஸ்பிரேயைக் கையில் எடுத்து, மெல்லப் பின்வாங்க வேண்டும். பழுப்புக் கரடி தற்காப்புக்காக மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, கால்களை அகட்டி, பிடரியைக் கைகளால் மூடி அசையாமல் கிடப்பது முறை. கருங்கரடி தாக்கினால் அப்படிக் கிடக்கக் கூடாது. கிடைத்ததைக் கொண்டு மூக்கிலும் கண்ணிலும் அடித்துப் போராட வேண்டும். நிறத்தை நம்பி இனம் பிரிக்க முடியாது. கருங்கரடியில் பழுப்பு உண்டு. தோளில் திமில் இருந்தால் அது பழுப்புக் கரடி.

கரடியைப் பற்றியே யோசித்து மூஸை மறந்துவிடுவோரும் உண்டு. குதிரை உயரம் நிற்கும் இந்த மான் வகைதான் அலாஸ்காவில் கரடியைவிட அதிகம் பேரைக் காயப்படுத்துகிறது. அதன் கண்ணுக்கு எந்த நாயும் ஓநாய்தான். குட்டியோடு நிற்கும் மூஸ் காதைப் பின்னால் மடித்தால் மரத்தின் மறுபக்கம் போய்விட வேண்டும். கரடிக்குச் சொன்னதற்கு மாறாக, மூஸிடமிருந்து ஓடலாம்.

பேன்பெர்ரி என்ற நச்சுப் பழமும் அதே காடுகளில் விளைகிறது. பளபளக்கும் சிவப்பு அல்லது வெள்ளைக் கொத்து. ஐந்தாறு பழமே மனிதரை வாட்டிவிடும், நாயையும் விட்டுவைக்காது. தின்பண்டப் பையில் உலர்திராட்சையும் சாக்லேட்டும் இருந்தால் அவையும் நாய்க்கு நஞ்சு. புளூபெர்ரி அளவோடு தின்றால் கெடுதல் இல்லை. தாழ்ந்த கிளையில் உதட்டை வைத்துத் தானே உருவித் தின்னப் பழகிய நாய்கள் உண்டு. அவை கரடியிடம் பாடம் கேட்டவைபோலவே இருக்கும்.

முகாமுக்குத் திரும்பியதும் வாளி, நாயின் தீவனப் பை, நக்கி முடித்த தட்டு எல்லாம் காருக்குள் அல்லது கரடி திறக்க முடியாத பெட்டிக்குள் போக வேண்டும். மனித உணவைப் பூட்டிவிட்டு நாயின் தட்டை வாசலில் விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

அழைத்தால் வராத நாய், காது மந்தமான கிழ நாய், எதைக் கண்டாலும் பாயும் இளம் நாய் இவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்து அதன் பங்காக ஒரு கைப்பிடிப் பழத்தைக் கொடுங்கள்; உறையவைத்துக் கொடுத்தால் இன்னும் விரும்பித் தின்னும்.